பங்கில்லாதவர்களின் பாத்தியதை

2025 ஜூலை 11-ஆம் தேதி இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) கிளப்புகளுக்கெல்லாம் ஒரு தகவல் போய்ச் சேர்ந்தது. 2025-26 சீசன் நிறுத்திவைக்கப்படுகிறது என்பதே அது. லீக்கை நடத்திவந்த ஃபுட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மென்ட் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான வணிக உரிமை ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பர் 8-இல் முடியவிருந்தது. 2010-இல் ரிலையன்ஸ் தரப்போடு 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்குப் போட்ட ஒப்பந்தம் அது. புதுப்பிக்கலாமென்றால், கூட்டமைப்பின் சட்டவிதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது. தீர்ப்பு வரும்வரை அந்த ஒப்பந்தம் குறித்துப் பெரிய முடிவு எதையும் எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்சி தன் முதல் அணியின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. அடுத்த இரண்டொரு நாளில் சென்னையின் எஃப்சி தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது.

அந்த நாட்களில் ஆட்டக்காரர்களின் கையில் ஒப்பந்தம் இருந்தது. ஊழியர்களிடம் நியமனக் கடிதம் இருந்தது. விளம்பரதாரர்களுக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். 2014-இலிருந்து அந்த அணியின் பின்னால் நின்ற ரசிகரிடம் மட்டும் சட்டம் மதிக்கும் தாள் ஒன்றுகூட இல்லை. கிளப்பை விற்பார்களா, மூடுவார்களா, வேறு ஊருக்குக் கொண்டுபோவார்களா என்பதை அவர் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவரிடம் கேட்கும் கடமை எவருக்கும் இல்லை.

சென்னையின் ரசிகர் என்றதும் அண்ணா நகரும் வேளச்சேரியும் நினைவுக்கு வரலாம். நான் திருத்தணியிலிருந்து யோசிக்க விரும்புகிறேன். மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் புறநகர் மின்ரயில்களில் சில அரக்கோணத்தோடு நிற்காமல் ஆந்திர எல்லையோரமுள்ள திருத்தணி வரை வருகின்றன. சென்னையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குமேல், ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். மேட்ச் ராத்திரி ஏழரைக்கு என்றால் இங்கிருந்து போகிறவர் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பியாக வேண்டும். சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் கட்டடத்தை ஒட்டி நடந்தால் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் வந்துவிடும். ஆட்டம் முடிய ஒன்பதரை மணி ஆகும். எண்பதாவது நிமிடத்திலிருந்தே அவருடைய ஒரு கண் ஆடுகளத்தின்மேலும் இன்னொரு கண் கைக்கடிகாரத்தின்மேலும் இருக்கும். கூடுதல் நிமிடத்தில் விழப்போகும் கோலுக்காக உட்கார்ந்திருப்பதா, ஊருக்குப் போகும் வண்டியைப் பிடிக்க ஓடுவதா என்று ஒவ்வொரு மேட்சிலும் முடிவெடுக்க வேண்டும். அணியின் பங்குதாரர் எவருக்கும் இப்படியொரு செலவு கிடையாது.

இதே ஊரில், 365 படிகளுக்கு மேலே, சுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து வருகிறவர்களில் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் உண்டு, வடசென்னைக் குடும்பங்களும் உண்டு. அவர்களில் எவருக்கும் கோயில் சொந்தமில்லை. ஒரு செங்கல்லுக்குக்கூடப் பத்திரம் கிடையாது. ஆனாலும் தமிழ்நாடு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 1959 அவர்களை ஒன்றுமில்லாதவர்களாக விட்டுவிடவில்லை. அதன் 6-ஆம் பிரிவு, 15-ஆம் உட்பிரிவு, ‘நலனுடைய நபர்’ என்று ஒருவரை வரையறுக்கிறது. கோயில் வழிபாட்டில் கலந்துகொள்ளும் உரிமை உள்ளவர், அல்லது கலந்துகொள்ளும் வழக்கம் உள்ளவர். இந்த ‘வழக்கம்’ என்பதுதான் என்னை நிறுத்தி வைக்கிறது. நன்கொடை எவ்வளவு கொடுத்தார் என்று சட்டம் கேட்கவில்லை. எந்தக் குலம், எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. வந்துகொண்டிருக்கிறாரா என்று மட்டும் கேட்கிறது. அப்படி வருகிறவர்களில் ஐந்து பேருக்குக் குறையாமல் எழுத்தில் விண்ணப்பித்தால், கோயில் நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுக்கும் விசாரணை தொடங்கும் என்கிறது 64-ஆம் பிரிவு.

மலைக்குப் போகிற வழக்கத்துக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. அதே மனிதர் நேரு ஸ்டேடியத்துக்குப் போகிற வழக்கத்துக்கு இல்லை. இந்த வேறுபாடு நியாயமானதல்ல என்பதும், அதைத் திருத்தும் கருவி நம் சட்ட மரபுக்குள்ளேயே கிடக்கிறது என்பதும்தான் நான் சொல்ல வந்தது.

கிளப்பின் கதையிலிருந்து தொடங்குகிறேன். சென்னையின் எஃப்சி 2014-இல் அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் தோனி, விட்டா தானி ஆகியோரை உரிமையாளர்களாகக் கொண்டு உருவானது. 2015 டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்தா ஸ்டேடியத்தில் நடந்த இறுதிப் போட்டியில் எஃப்சி கோவாவிடம் 1-2 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் பெற்று 3-2 என்று வென்றது. முதலாவது எதிரணிக் கோல்கீப்பரின் கையில் பட்டு உள்ளே போனது; அடுத்ததை ஸ்டீவன் மெண்டோசா அடித்தார். அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்து வெள்ளத்தில் சென்னை மூழ்கி எழுந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 2018 மார்ச் 17-இல் பெங்களூருவில் பெங்களூரு எஃப்சியையே 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது முறையும் கோப்பை வந்தது. பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ரசிகர் அமைப்புகள் முளைத்தன. முதலீடு செய்தவர்கள் அணியை அமைத்தார்கள். அதற்கு ஒரு நினைவையும் ஒரு சத்தத்தையும் ஏற்படுத்தியவர்கள் ஸ்டாண்டில் நின்றவர்கள். கிளப்பின் சொத்துக் கணக்கில் பிராண்ட் மதிப்பு என்று எழுதப்படுவது இந்த இரண்டாவது வகை உழைப்பின் விளைவுதான்.

இந்த உழைப்பு காணாமல் போகுமா என்று சந்தேகிக்கிறவர்கள் கோயம்புத்தூரைப் பார்க்க வேண்டும். 2016-17-இல் இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்குக்குள் வந்த சென்னை சிட்டி எஃப்சி, மறு சீசனே கோவை நேரு ஸ்டேடியத்துக்கு இடம் பெயர்ந்தது. 2018-19-இல் சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸின் கீழ் அது ஆடிய ஆட்டம் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார். 2019 மார்ச் 9, கடைசி நாள். கோவையில் மினர்வா பஞ்சாபை வென்றால் பட்டம். தவறினால், அதே நேரம் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குப் போகலாம். தொடக்கத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளைவரை கோவை வாயடைத்துப் போயிருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி ஒன்று, தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, சென்னை சிட்டி 43. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் தடவை.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல், சென்னை சிட்டியில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. ஐரோப்பியக் கிளப் ஒன்று நம் ஊர் அணிக்குள் பணம் போடுகிறதென்று கோவையில் எல்லோருக்கும் பெருமிதம். பாசல் நகரத்து ரசிகர்களோ தங்கள் கிளப்பின் பணம் இந்தியாவுக்குப் போவதை எதிர்த்தார்கள். இரண்டு நகரங்களின் ரசிகர்களும் ஒரே ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை. அடுத்து நடந்ததில்தான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன. 2021 வசந்தத்தில் பாசலின் உரிமையாளர் பெர்ன்ஹார்ட் பர்கெனர் தன் பங்கை லண்டன் முதலீட்டு நிறுவனமான சென்ட்ரிகஸுக்கு விற்கப்போகிறார் என்றதும் அந்த நகரம் தெருவுக்கு வந்தது. சிறுபான்மைப் பங்குதாரரும் முன்னாள் ஆட்டக்காரருமான டேவிட் டேகன் முன்வாங்கும் உரிமையைக் காட்டி நீதிமன்றம் போனார். மே மாதம் கிளப் அவர் வசம் வந்தது. சென்னை சிட்டியோ அதே 2021-இன் தொடக்கத்தில், கொரோனாவால் மேற்கு வங்கத்திலேயே எல்லா ஆட்டங்களும் நடந்த சீசனோடு ஐ-லீக்கிலிருந்து மறைந்தது. பட்டம் வென்று இரண்டே ஆண்டு. கோவை ஸ்டேடியத்தில் அன்று கத்தித் தீர்த்தவர்கள் எங்கே போய் யாரைக் கேட்பார்கள்? கேட்பதற்கு ஒரு அலுவலகம்கூட இல்லாமல்தான் அந்தக் கிளப் முடிந்தது.

ஹைதராபாத்தின் கதை இன்னும் கொடுமை. புனேயில் எஃப்சி புனே சிட்டி கலைந்த இடத்தில் 2019-இல் பிறந்தது ஹைதராபாத் எஃப்சி. சையத் அப்துல் ரஹீம் என்ற மாபெரும் பயிற்சியாளரையும் ஹைதராபாத் சிட்டி போலீஸ் என்ற அணியையும் இந்தியாவுக்குத் தந்த ஊர் அது. பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்த மண்ணில் திரும்பவும் ஒரு அணி. 2022 மார்ச்சில் கேரளா பிளாஸ்டர்ஸை டைப்ரேக்கரில் வென்று ஐஎஸ்எல் பட்டத்தையும் எடுத்தது. பிறகு பணமுடை. 2024-இல் பி.சி. ஜிண்டால் குழுமம் வாங்கியது. 2025-இல் அணி தில்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி ஆயிற்று. 2019-இல் தில்லி டைனமோஸ் புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆன கதையும் சேர்ந்தால், நம் லீக்கில் ஒரு ஊரின் அணியை எடுத்து இன்னொரு ஊருக்குக் கொடுப்பது விதிவிலக்காக இல்லை, வழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்கும் முன்னால் 2010-இல் மும்பையின் மகிந்திரா யுனைடெடும் 2011-இல் பஞ்சாபின் ஜேசிடியும் மூடப்பட்டன. முதல் தேசிய லீக்கை 1996-97-இல் வென்ற அணி ஜேசிடி. நொடிப்பு வழக்கு, கடன்காரர் கூட்டம், ஏலம் என்று எதுவும் நடக்கவில்லை. முதலாளி நிறுத்தினார், கிளப் நின்றது.

பிரிட்டனில் இது வேறு மாதிரி நடக்கும். கடன் கட்ட முடியாத கிளப்பை நொடிப்புச் சட்டத்தின்படி ஒரு நிர்வாகியிடம் ஒப்படைப்பார்கள். அறங்காவலர் குழு இல்லாத நம் கோயில்களுக்குத் தக்கார் நியமிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும்; கடன்காரர் நெருக்க முடியாதபடி கிளப்புக்கு ஒரு வேலி போட்டு, வாங்க ஆள் தேடுவது அவர் பொறுப்பு. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தக்கார் சுவாமியின் நலனைப் பார்க்கக் கடமைப்பட்டவர். நொடிப்பு நிர்வாகி முதன்மையாகக் கடன் கொடுத்தவர்களுக்குக் கடமைப்பட்டவர். ரசிகர் அங்கேயும் வரிசையில் இல்லை. போதாக்குறைக்கு, நிர்வாகியிடம் போன குற்றத்துக்காக லீக் புள்ளிகளை வெட்டும். முதலாளி செய்த கடனுக்கு ஸ்டாண்டில் நிற்பவர் தோல்வியாகத் தண்டனை அனுபவிப்பார்.

கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் 2011-12-இல் நடந்ததை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன், அதில் ரசிகர்களின் பணத்துக்கு நேர்ந்த கதிக்காக. 2011 மே மாதம் கிரெய்க் வைட் என்பவர் ஒரு பவுண்டு கொடுத்துக் கிளப்பை வாங்கினார். லாயிட்ஸ் வங்கிக்கு இருந்த சுமார் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு கடனை அடைப்பதாக ஒப்பந்தம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? வரப்போகும் ஆண்டுகளின் சீசன் டிக்கெட் வருமானத்தை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்திடம் முன்கூட்டியே விற்றுத் திரட்டியது. அதாவது, ரசிகர்கள் இன்னும் வாங்கக்கூடச் செய்யாத டிக்கெட்டுகளை அடகு வைத்து, அவர்கள் பெயரைச் சொல்லாமலே, அவர்களுடைய கிளப்பை வேறொருவர் சொந்தமாக்கிக்கொண்டார். பணம் போட்டவர்கள் ரசிகர்கள். பங்குப் பத்திரத்தில் பெயர் மற்றவருடையது.

2012 பிப்ரவரி 14-இல் ரேஞ்சர்ஸ் நிர்வாகிகள் கைக்குப் போனது. அடுத்த நான்கு மாதம் அந்த ஊர் எப்படி உறங்கியிருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியும். வாங்க முன்வந்தது முன்னாள் இயக்குநர் ஒருவர் தலைமையில் ஒரு குழு. சிங்கப்பூரிலிருந்து ஒரு தொழிலதிபர். மே தொடக்கத்தில் பில் மில்லர் என்ற அமெரிக்கரே வாங்கப் போகிறவர் என்று அறிவிப்பு, ஒரு வாரத்துக்குள் அவர் விலகல். பிறகு சார்லஸ் கிரீன் என்பவரின் குழு. ஒவ்வொரு பெயரும் வரும்போது அந்த மனிதர் யார், பணம் உண்மையா, ஸ்டேடியத்தை விற்றுவிடுவாரா என்று ரசிகர்கள் தாங்களே துருவித் துருவித் தேட வேண்டியிருந்தது. கடன் தீர்வுத் திட்டத்தை ஜூனில் வரித்துறை ஏற்க மறுத்தது. கிளப்பின் சொத்துகளை கிரீன் குழு 55 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அணி ஸ்காட்லாந்தின் நான்காம் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 2012 ஆகஸ்ட் 18 அன்று ஐபிராக்ஸ் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயருக்கு எதிரான அந்த நான்காம் அடுக்கு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 49,118 பேர். கிளப் என்று அன்றைக்கு மிஞ்சியிருந்தது எதுவென்று கேட்டால், அந்த எண்ணைத்தான் காட்ட வேண்டும்.

போர்ட்ஸ்மவுத் ஒரு படி மேலே போனது. 2010 பிப்ரவரியில் பிரீமியர் லீக்கில் இருந்துகொண்டே நிர்வாகிகளிடம் போன முதல் கிளப் அது. 2012-இல் இரண்டாம் முறை. 2013 ஏப்ரலில் ரசிகர்களின் அறக்கட்டளை கிளப்பை வாங்கியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தலைக்கு ஆயிரம் பவுண்டு போட்டார்கள். கப்பல் கட்டும் ஊர் அது, ஆயிரம் பவுண்டு பலருக்குச் சின்னத் தொகை அல்ல. கடனைத் தீர்த்து, கிளப்பை மேல் அடுக்குக்கு ஏற்றி, 2017-இல் அமெரிக்கத் தொழிலதிபர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்கலாமா என்று அவர்களுக்குள்ளேயே வாக்கெடுப்பு நடந்தது. ஐந்தில் நான்கு பங்குக்குமேல் சரி என்றார்கள். விற்றது தவறென்று சொல்கிறவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை கேள்வி அதுவல்ல. அந்த ஊரில் ஒருமுறையாவது கேட்டுவிட்டு விற்றார்கள். இங்கிலாந்தின் பெரி கிளப்புக்கு அதுவும் வாய்க்கவில்லை. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறிய அந்தப் பழைய கிளப்பை 2019 ஆகஸ்ட் 27-இல் லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். பங்கு இல்லாதவருக்குப் பாத்தியதை கொடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு 1925-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில் குலதெய்வப் பூசை முறைவைத்து நடந்துவந்தது. தன் முறை வரும்போது விக்கிரகத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று ஒரு பங்காளி வழக்காட, லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை போயிற்று. விக்கிரகம் யாரும் தூக்கிக்கொண்டு போகும் தட்டுமுட்டுச் சாமான் அல்ல என்றது கவுன்சில். அது சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதற்கு ஒரு விருப்பம் உண்டு. வழக்காடும் பங்காளிகளில் சேராத, தன்னலமில்லாத ஒருவர் அதன் சார்பில் பேச வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஹைதராபாத் அணி தில்லிக்குப் போனபோது இந்த மூன்றில் ஒன்றையாவது யாராவது கேட்டார்களா? அணி எங்கே இருக்க வேண்டும் என்று அதன் சார்பில் பேச, உரிமையாளரைத் தவிர வேறு ஒரு குரல் இருந்ததா?

இன்னொரு வழக்கு அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரிலிருந்து போனது. அந்த ஊர்ச் சிவன் கோயில் இடிந்து, பூசையில்லாமல் கிடந்தது. மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர் கடத்தப்பட்டு, ஒரு கனடா நிறுவனத்தின் கைக்குப் போய், லண்டன் போலீஸிடம் சிக்கினார். அந்த நிறுவனம் உரிமை கேட்டு வழக்குப் போட்டது. 1988-இல் லண்டன் உயர் நீதிமன்றமும் 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இடிபாடாகக் கிடந்த அந்தக் கோயிலுக்கே வழக்காடும் தகுதி உண்டென்று ஏற்றுக்கொண்டன. நடராசர் ஊர் திரும்பினார். கட்டடம் விழுந்த பிறகும் ஒரு ஊரின் கோயில் சட்டத்தில் உயிரோடிருக்கலாம். கோவையில் அணி மறைந்த பிறகும் சென்னை சிட்டி எஃப்சி என்ற ஒன்றுக்கு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்ற கேள்வியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கிளப்பையும் தெய்வத்தையும் ஒரு தட்டில் வைக்கிறேன் என்று எவரும் வருந்த வேண்டாம். பக்தி வேறு, ஆட்டம் வேறு. நான் ஒப்பிடுவது சட்டம் இரண்டு வகை மனிதர்களை நடத்தும் விதத்தை. நியாயமான மறுப்பு வேறிடத்திலிருந்து வரும்: இந்தியக் கால்பந்தில் பணம் போட்டவர்கள் இழந்திருக்கிறார்கள். பத்தாண்டுக்கு மேலாக ஐஎஸ்எல் உரிமையாளர்கள் நட்டத்தைச் சுமந்தே அணிகளை ஓட்டுகிறார்கள். மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் சிட்டி ஃபுட்பால் குழுமமே 2025 டிசம்பரில் மும்பை சிட்டியிலிருந்து வெளியேறியது. இப்படிப்பட்ட இடத்தில் ரசிகருக்கும் ஒரு சொல் வேண்டும் என்றால், இருக்கிற நாலு முதலீட்டாளரும் ஓடிவிட மாட்டார்களா?

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ரசிகருக்குச் சொல் இல்லாத ஏற்பாட்டில்தான் அவர்கள் ஓடியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். லாப நட்டத்தில், ஆட்டக்காரர் தேர்வில், டிக்கெட் விலையில் ரசிகர் கை வைக்க வேண்டியதில்லை. நான் கேட்பது பெயர், நிறம், ஊர் இந்த மூன்றில் மட்டும். இந்த மூன்றையும் உரிமையாளர் காசு போட்டு உண்டாக்கவில்லை. வேல்ஸின் கார்டிஃப் சிட்டியில் 2012-இல் உரிமையாளர் நீல நிறத்தைச் சிவப்பாக்கினார், ஊர் அடங்கவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. 1889-இல் பிறந்த மோகன் பகானின் பெயருக்கு முன்னால் 2020-இல் ஏடிகே என்ற இன்னொரு அணியின் பெயர் ஒட்டிக்கொண்டதும், அதை நீக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டு விடாமல் குரல் எழுப்பினார்கள். 2023 மார்ச்சில் கோப்பை வென்ற இரவில் உரிமையாளரே அதை நீக்கினார். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களின் நிலை இன்னும் மோசம். முதலீட்டாளரான ஸ்ரீ சிமென்ட்டுக்கும் கிளப் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தத் தகராறு முற்றிய 2021 ஜூலை 21 அன்று, கிளப் கூடாரத்துக்கு வெளியே கூடிய ரசிகர்கள்மேல் போலீஸ் தடியடி நடந்தது. யாருடைய அணி என்று கேட்க வேறு வழியில்லாததால் சாலையில் நின்றார்கள், அடி வாங்கினார்கள். மனு கொடுக்க ஒரு மேசை இருந்திருந்தால் அந்த இளைஞர்களின் முதுகு பிழைத்திருக்கும்.

சட்டம் விரிந்து கொடுக்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தில், கட்டுமான நிறுவனம் நொடித்தால் வங்கிகள்தான் கடன்காரர் குழுவில் உட்காரும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் வெளியே நிற்பார்கள். 2018-இல் சட்டத்தைத் திருத்தி அவர்களையும் நிதிக் கடன்காரர்கள் என்று சேர்த்தார்கள். கட்டுமான நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. வீடு வாங்கியவர்கள் உள்ளே வந்ததால் கட்டுமானத் தொழில் நின்றுவிடவில்லை. இங்கிலாந்திலும் பெரி போன்ற கிளப்புகளின் கதைக்குப் பிறகு ரசிகர்களின் நெருக்குதலில் கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. அங்கே இனி ஒரு சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு உண்டு. கிளப் சின்னத்தையும் சொந்த நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் ஆதரவு வேண்டும். ஸ்டேடியத்தை விற்கவோ ஊர் மாறவோ அந்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

யார் ரசிகர் என்று எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்விக்கும் அறநிலையச் சட்டமே வழி சொல்கிறது: வருகிற வழக்கம். டிக்கெட் இப்போது செல்பேசியில்தான் வாங்கப்படுகிறது. எவர் எத்தனை மேட்சுக்கு வந்தார் என்ற கணக்கு கிளப்பிடமே இருக்கிறது. தொடர்ந்து இரண்டு சீசனில் சொந்த ஊர் ஆட்டங்களில் பாதிக்கு வந்தவர் என்று ஒரு அளவு வைத்தால் போதும். திருத்தணியிலிருந்து வருகிறவரும் அதில் அடங்குவார், நுங்கம்பாக்கத்திலிருந்து வருகிறவரும் அடங்குவார்.

திருத்தணிக்காரர்களிடம் இதை விளக்கிச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. தங்களைக் கேட்காமல் போட்ட கோட்டை இந்தப் பகுதி ஏற்கவில்லை. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தில் மறியல், சிறை எல்லாம் நடந்தன. கிராமத்தை அலகாக வைத்து, அங்கு வாழ்பவர்களின் பெரும்பான்மை மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்து, எல்லைத் தகராற்றில் நடுவராயிருந்த படாஸ்கர் முடிவு சொன்னார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வியில் அங்கே இருப்பவர்களும் ஒரு தரப்பு என்று அந்தத் தீர்வு ஒப்புக்கொண்டது.

ஐஎஸ்எல் நெருக்கடி ஒருவாறு தணிந்தது. 2025 செப்டம்பர் 19-இல் உச்ச நீதிமன்றம், முன்னாள் நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் வகுத்த சட்டவிதிகளைச் சில மாற்றங்களோடு ஏற்றது. அக்டோபரில் விடப்பட்ட வணிக உரிமை டெண்டருக்கு ஒருவர்கூட வரவில்லை. கடைசியில் 2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பிப்ரவரி 14-இல் லீக் தொடங்கும், 14 அணிகளும் ஆடும் என்று அறிவித்தார். சீசன் சுருங்கியது, செலவு சுருங்கியது. ஆடுவதற்கு ஒரு லீக் இருப்பதே பெரிது என்ற மனநிலையில்தான் எல்லோரும் இருந்தார்கள்.

புதிய சட்டவிதிகள் கூட்டமைப்பின் பொதுக்குழுவை விரித்திருக்கின்றன. முன்பு மாநிலச் சங்கங்கள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் இப்போது முன்னாள் ஆட்டக்காரர்களுக்கும் நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் கிளப் பிரதிநிதிகளுக்கும் நாற்காலி உண்டு. ரசிகருக்கு இல்லை. அந்தக் குழுவில் இடம் வாங்க இன்னொரு வழக்கும் இன்னும் பத்தாண்டும் ஆகலாம். கிளப் உரிமம் வழங்கும் விதிகளைத் திருத்த அவ்வளவு காலம் தேவையில்லை. ஆட்டத் தரம், வசதிகள், பணியாளர், சட்டம், நிதி என்று ஐந்து வகை நிபந்தனைகளை ஒவ்வொரு கிளப்பும் ஆண்டுதோறும் நிறைவேற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஒவ்வொரு கிளப்பும் வருகைக் கணக்கின்படி ரசிகர் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும்; உரிமை கைமாறப் பேச்சுத் தொடங்கினால் அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; பெயர், நிறம், ஊர் இவற்றில் ஒன்றை மாற்றுவதென்றால் அவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கூட்டமைப்பின் செயற்குழு நினைத்தால் அடுத்த உரிமச் சுற்றுக்கே இதைக் கொண்டுவரலாம். சென்னையின் எஃப்சியும் கூட்டமைப்பின் விதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; தன் சொந்த அமைப்பு விதிகளிலேயே இதை எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையில்லை.